ஓடிக்கொண்டிருக்கும் சின்ன ரீஃப் டாங்கில் டிரை ராக்: கழுவிப் போட்டால் போதுமா?

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இரண்டடி ரீஃப் டாங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி. தண்ணீர் 80 லிட்டர். இரண்டு வருடமாக ஓடுகிறது. உள்ளே 6 கிலோ பழைய கல், ஒரு ஜோடி கிளவுன் மீன், ஒரு கோபி மீன், ஒரு கிளீனர் இறால், பவள வகையில் கொஞ்சம் ஜோவா, மஷ்ரூம், ஒரு லெதர் கோரல். எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. வலது பக்கம் வெறிச்சென்று இருப்பதால் 4 கிலோ டிரை ராக் (பொந்து பொந்தான காய்ந்த கல்) வாங்கி வைத்திருக்கிறார். கடைக்காரர் "நல்லா கழுவிட்டுப் போட்டுருங்க, ஒண்ணும் ஆகாது" என்றாராம். பிளீச்சிங் பட்டறையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் ஆசிட்டும் ஹைப்போவும் எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்கிறாராம். நேராகப் போடலாமா, ஆசிட்டில் கழுவணுமா, எத்தனை நாள் காத்திருக்கணும் என்பதுதான் கேள்வி.

நேராகப் போடாதீர்கள். தனி டப்பில் இரண்டு மாதமாவது ஊறட்டும். அப்புறமும் நாலு கிலோவை ஒரே நாளில் இறக்காமல், கிலோ கிலோவாக இறக்குங்கள். ஆசிட் வேண்டாம். பதில் இவ்வளவுதான். ஆனால் ஏன் என்று தெரியாமல் இரண்டு மாதம் காத்திருக்க யாருக்கும் மனசு வராது. எனக்கும் வரவில்லை, அதனால்தான் நீட்டி எழுதுகிறேன்.

பல வருடம் முன்பு கோவையில் என்னிடம் 60 லிட்டர் டாங்க் ஒன்று இருந்தது. அதற்கு 3 கிலோ டிரை ராக் வாங்கினேன். எனக்கும் அதே உபதேசம்தான் கிடைத்தது, கழுவினால் போதும் என்று. சனிக்கிழமை சாயங்காலம் குழாயில் கழுவி, டூத் பிரஷ் வைத்துத் தேய்த்து, அழகாக அடுக்கினேன். ஞாயிறு காலையில் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. மீனைக் கொல்லும் அமோனியா இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டில் மஞ்சளாக இருக்க வேண்டியது பச்சையாகிவிட்டது. இறால் மூலையில் சாய்ந்து கிடந்தது. கல்லை வெளியே எடுத்து உளி வைத்துப் பிளந்து பார்த்தேன். ஒரு பொந்துக்குள்ளே காய்ந்துபோன கடற்பஞ்சு, பலாச்சக்கை காய்ந்த மாதிரி பழுப்பாக, கட்டைவிரல் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. காய்ந்திருந்தவரை வாசனையே இல்லை. ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறியதும் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியவில்லை. அதை எந்த பிரஷும் தொட்டிருக்காது.

டிரை ராக் என்பதன் சங்கதியே இதுதான். அது கடலில் உயிரோடு கிடந்து, அப்புறம் வெயிலில் காய்ந்த கல். அல்லது மிகப் பழைய பவளத் திட்டுகளிலிருந்து நிலத்தில் வெட்டியெடுத்த கல். அதுவுமில்லை என்றால் மனிதர் செய்து சுட்ட, அல்லது சிமென்டில் வார்த்த கல். முதல் வகையில் பொந்துக்குள் செத்த உயிர்கள் காய்ந்து கிடக்கும். இரண்டாவதில் அது குறைவு, ஆனால் மண்ணும் தூசியும் அதிகம். மூன்றாவதில் இரண்டும் இல்லை, ஆனால் சிமென்டில் செய்ததென்றால் நன்றாக ஊறிப் பதப்படாதவரை பிஹெச்சை ஏற்றிவிடும். மேலே ஊதா நிறம் பூசி விற்கிறார்களே, அது சாயம்தான். கல்லின் மேல் ஊதாவாகப் படரும் நிஜமான கோரலைன் பாசி உங்கள் டாங்கில் வளர்ந்தால்தான் உண்டு. எந்தக் கல்லானாலும் ஒரு நல்ல விஷயம் உண்டு. கடலிலிருந்து உயிரோடு வரும் லைவ் ராக்கோடு கூடவே வரும் தொல்லைகளான ஏப்டேசியா என்ற கடல் அனிமோன், மாண்டிஸ் இறால், தட்டைப்புழு எதுவும் டிரை ராக்கில் வராது. இரண்டு வருடம் சுத்தமாக வைத்திருந்த டாங்குக்கு அது பெரிய நிம்மதி.

கல் என்றதும் நம் பக்கத்தில் எல்லோருக்கும் வரும் யோசனை ஒன்று உண்டு. மதுக்கரையிலும் சங்ககிரியிலும் சிமென்ட் ஆலைக்கே போதுமான சுண்ணாம்புக்கல் இருக்கிறதே, காசு கொடுத்து எதற்கு வாங்கணும் என்று. நானும் ஒரு துண்டு எடுத்து வந்து பார்த்தவன்தான். அது பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகிப்போன பளிங்கு போன்ற சுண்ணாம்பு. உடைத்தால் உள்ளே சர்க்கரை மாதிரி மினுமினுக்கும், ஒரு பொந்து இருக்காது. பவளக்கல்லும் வேதியியலில் கால்சியம் கார்பனேட்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நமக்கு வேண்டியது சுண்ணாம்பு அல்ல, அதிலுள்ள ஓட்டை. நல்ல டிரை ராக்கைக் கையில் எடுத்தால் பார்வைக்குத் தோன்றும் கனத்தைவிட லேசாக இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பிஸ்கட் மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். மதுக்கரைக் கல்லில் விட்டால் வழிந்து ஓடிவிடும்.

இன்னொரு யோசனை ராமேஸ்வரம் போகும்போது கடற்கரையில் வெள்ளையாகக் கிடப்பதைப் பொறுக்கி வருவது. அது வேண்டவே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல் பவளங்கள் எல்லாம் 2001இல் சேர்க்கப்பட்டுவிட்டன. புலிக்கு உள்ள அதே அட்டவணை. செத்த பவளம்தானே என்ற சமாதானம் செல்லாது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வண்டி வண்டியாக வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. அங்கிருந்த 21 தீவுகளில் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தண்ணீருக்கடியில் போனதற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1986 முதல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா. கடையில் வாங்கும்போதும் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டு பில் வாங்கி வையுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், செய்த கல்லையே வாங்குங்கள். நான் இப்போது அதைத்தான் வாங்குகிறேன்.

சரி, உங்களுக்கு இந்த 4 கிலோ நிஜமாகவே தேவையா? கல் அதிகமானால் ஃபில்டர் அதிகமாகும் என்று நினைத்திருந்தால், அந்தக் கணக்கு தப்பு. அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவின் அளவை, இருக்கும் இடத்தைவிட அதற்குக் கிடைக்கும் சாப்பாடுதான் தீர்மானிக்கிறது. இரண்டு கிளவுனும் ஒரு கோபியும் போடும் கழிவுக்கு எவ்வளவு பாக்டீரியா வேண்டுமோ அவ்வளவு உங்கள் பழைய 6 கிலோவில் ஏற்கெனவே குடியிருக்கிறது. வீட்டில் இரண்டு அறை கூடுதலாகக் கட்டினால் குடும்பத்தில் ஆள் கூடிவிடுவதில்லை. ஒரு காலன் தண்ணீருக்கு ஒன்று முதல் இரண்டு பவுண்டு கல் என்று ஒரு பழைய விதி சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன்படி உங்கள் டாங்குக்குக் குறைந்தது ஒன்பதரை கிலோ வரும். கனமான கல்லுக்கும் லேசான கல்லுக்கும் ஒரே கணக்குப் போடும் விதியை நான் மதிப்பதில்லை. கோரல் வைக்க இடம் வேண்டும், மீன் ஒளிய பொந்து வேண்டும், பார்க்க நன்றாக இருக்கணும் என்றால் அது நியாயமான காரணம். அப்படியென்றால் நாலு கிலோவும் தேவைப்படாமல் போகலாம். நல்ல வடிவமான இரண்டு துண்டு போதும்.

இப்போது கல்லைப் பழக்குவதற்கு வருவோம். வெளிநாட்டு ஆட்கள் இதற்கு க்யூரிங் என்பார்கள். எனக்குப் புது மண்சட்டி பழக்குவதுதான் ஞாபகம் வரும். புதுச்சட்டியை வாங்கி வந்த அன்றே யாரும் குழம்பு வைப்பதில்லை. தண்ணீரில் ஊறப்போட்டு, கஞ்சித்தண்ணி ஊற்றி வைத்து, மண்வாசனை போன பிறகுதான் அடுப்பில் ஏற்றுவோம். கல்லுக்கும் அதே பொறுமை வேண்டும்.

முதல் கட்டம் சுத்தம். குழாய்த் தண்ணீரில் பீய்ச்சி அடித்துக் கழுவி, ஒரு பிளாஸ்டிக் டப்பில் நல்ல தண்ணீரில் நாலைந்து நாள் ஊறப்போடுங்கள். தினமும் மோந்து பாருங்கள், சிரிக்காதீர்கள், இதைவிட மலிவான டெஸ்ட் கிட் கிடையாது. நாற்றம் வந்தால் உள்ளே சமாசாரம் இருக்கிறது. டப்பை மூடி வையுங்கள், இல்லாவிட்டால் கொசுப்புழு வந்து, தேங்கிய தண்ணீரைச் சோதிக்க வருகிறவர்களிடம் ரீஃப் டாங்க் பற்றி விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதாகிவிடும்.

நாற்றம் பலமாக இருந்தால் மட்டும் பிளீச். இங்கேதான் உங்கள் நண்பர் வருகிறார், இங்கேதான் எனக்கு பயமும் வருகிறது. திருப்பூர்ப் பட்டறைகளில் ஹைப்போ என்றால் பெரும்பாலும் சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது குளோரின் தருவது. மீன் கடையிலும் பழைய போட்டோ ஸ்டுடியோவிலும் ஹைப்போ என்றால் சோடியம் தயோசல்பேட், அதாவது குளோரினை முறிப்பது. ஒரே பெயர், நேர் எதிரான வேலை. "குளோரின் வாசம் போக ஹைப்போ போடு" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் பட்டறை ஹைப்போவை டாங்கில் ஊற்றினால் ஒரு மீன் மிஞ்சாது. கேனின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். லேபிள் இல்லாத கேன் என்றால் வாங்காதீர்கள்.

வீட்டில் பயன்படுத்தும் பிளீச் 4, 5 சதவீதம் இருக்கும். அதில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர். பட்டறைச் சரக்கு 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும் என்பதால் இருபது பங்கு தண்ணீர். இரண்டு மூன்று நாள், மொட்டை மாடியில், கையுறை போட்டுக்கொண்டு. அப்புறம் நாலைந்து முறை அலசி, ஒரு வாரம் வெயிலில் காயவிட்டு, கடைசியாக மீன் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் தயோசல்பேட் படிகம் கரைத்த தண்ணீரில் ஒரு நாள். நம் ஊர் சித்திரை வெயிலில் பாதி குளோரின் தானாகவே பறந்துவிடும்.

ஆசிட் ஏன் வேண்டாம் என்றால், அது வேலை செய்யாது என்பதற்காக அல்ல. நன்றாகவே வேலை செய்யும். கல்லின் மேல்தோலையே கரைத்து, அதில் ஒட்டிய பாஸ்பேட்டையும் சேர்த்து எடுத்துவிடும். ஆனால் நுரைத்துக்கொண்டு பொங்கும், புகை மூச்சை அடைக்கும், கல்லின் மெல்லிய அழகான பகுதிகள் முதலில் கரையும். பிளீச்சில் ஊறிய கல்லை நன்றாக அலசாமல் ஆசிட்டில் போட்டால் குளோரின் வாயு வரும். அது உயிருக்கே ஆபத்து. 4 கிலோ கல்லுக்காக அந்த வம்பு எதற்கு? கழிவறை கழுவும் ஆசிட் போடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். அதில் நிறமும் வாசனையும் சோப்பும் கலந்திருக்கும், தொடவே வேண்டாம்.

இரண்டாவது கட்டம்தான் நீளமானது, முக்கியமானதும் கூட. 50 லிட்டர் பிடிக்கும் டப், அதில் 40 லிட்டர் உப்புத்தண்ணீர், தண்ணீரை ஓட்டும் ஒரு சின்ன வேவ் மேக்கர், ஒரு மூடி. வெளிச்சம் வேண்டாம், வெளிச்சம் இருந்தால் பாசி வரும். ஹீட்டர் நம் ஊரில் மார்கழி, தை தவிர தேவைப்படாது. புதிதாகக் கலக்க வேண்டுமென்றால் 40 லிட்டருக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ ரீஃப் உப்பு ஆகும். உப்பு விற்கும் விலைக்கு அது வயிற்றெரிச்சல். அதனால் ஒரு சிக்கன வழி சொல்கிறேன். வாரம் 8 லிட்டர் வாட்டர் சேஞ்ச் செய்கிறீர்கள் என்றால் எடுக்கும் தண்ணீரைக் கொட்டாமல் ஒரு கேனில் சேர்த்து வையுங்கள். முதல் கட்டம் முடிவதற்குள் சேர்ந்தது போக மீதியைப் புதிதாகக் கலந்தால் போதும்.

கலக்கும் தண்ணீர் கரைந்த உப்பையெல்லாம் வடித்தெடுத்த ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீராக, டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 0 காட்டுவதாக இருக்கட்டும். சமையலறை ஆர்.ஓ. மெஷின் போதாது. குடிக்கச் சுவை வேண்டும் என்று அதில் கொஞ்சம் பழைய தண்ணீரையே திரும்பக் கலந்துவிடுவார்கள், மீட்டர் வைத்தால் 50, 80 என்று காட்டும். போர் தண்ணீர் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம், ஆனால் அதிலும் குளோரின் உண்டு.

டப்பில் கல்லை இறக்கியதும் உங்கள் டாங்கிலிருந்து கட்டைவிரல் அளவு பழைய கல் துண்டு ஒன்றை உள்ளே போடுங்கள். உறைமோர் மாதிரி அது. ஃபில்டர் பஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரும் ஒரு கரண்டி ஊற்றலாம். பாக்டீரியா பாட்டில் வாங்கத் தேவையில்லை, இரண்டு வருட டாங்க் இருப்பவரிடம் இல்லாத பாக்டீரியாவா?

அதற்குத் தின்ன ஏதாவது வேண்டும். கல்லில் அழுக்கு மிச்சமிருந்தால் அதுவே போதும், முதல் வாரம் அமோனியா தானாக ஏறும். ஏறவில்லை என்றால் அமோனியம் குளோரைடு கால் கிராம். 40 லிட்டரில் அது சுமார் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) காட்டும். ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரமும் அதே உப்புதான், ஆனால் அதன் சுத்தத்தை நம்ப முடியாது. ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள். முதலில் அமோனியா ஏறி இறங்கும், அப்புறம் நைட்ரைட் ஏறி இறங்கும், கடைசியில் நைட்ரேட் மட்டும் நிற்கும். 2 பிபிஎம் அமோனியா போட்டு 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் 0 ஆனால் பாக்டீரியா குடியேறிவிட்டது என்று அர்த்தம். நாலிலிருந்து ஆறு வாரம் ஆகலாம்.

இதோடு முடிந்தது என்று நினைத்துப் பெரும்பாலோர் கல்லைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அவர்கள் மறப்பது பாஸ்பேட்டை. அமோனியா ஒரு ராத்திரியில் கொல்லும், அதனால் எல்லோருக்கும் தெரியும். பாஸ்பேட் பாசியை வளர்த்துவிட்டு ஆறு மாதம் இருந்து வதைக்கும். சாயம் சரியாக நிற்காத பனியனைத் துவைத்திருப்பீர்கள். முதல் அலசலில் நிறம் போகும், வாளித் தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் பிடித்தால் மறுபடியும் போகும். பாஸ்பேட் கல்லோடு ஒட்டிக்கொண்டிருப்பது இப்படித்தான். கால்சியம் கார்பனேட்டின் பரப்பில் அது ஒட்டும். சுற்றியுள்ள தண்ணீரில் பாஸ்பேட் குறைந்தால் கல்லிலிருந்து கழன்று வரும். நீங்கள் வாட்டர் சேஞ்ச் செய்து 0.05 பிபிஎம்முக்கு இறக்குவீர்கள், மூன்றாம் நாள் மறுபடி 0.2இல் நிற்கும். "சாப்பாடு கூடக் கம்மியாத்தான் போடறேன், எங்கிருந்துதான் வருதுன்னே தெரியல" என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் டாங்கில் இந்தக் கதைதான். பிளீச் இதைத் தொடாது. அது அழுக்கை எரிக்குமே தவிர பாஸ்பேட்டை எடுக்காது.

அதனால் டப்பிலேயே பார்த்துவிடுங்கள். தண்ணீரை முழுவதும் மாற்றுங்கள். ஒரு வாரம் எதுவும் போடாமல் ஓடட்டும். அப்புறம் பாஸ்பேட் பாருங்கள். 0.1க்குக் கீழே இருந்தால் கல் தயார். 0.3, 0.5 என்றால் மறுபடி மாற்றுங்கள், அல்லது இரும்பு ஆக்சைடு மீடியாவை ஒரு பையில் கட்டி ஓட்டத்தில் தொங்கவிடுங்கள். லாந்தனம் குளோரைடு சொட்டுச் சொட்டாக விட்டால் இன்னும் வேகமாக இறங்கும், தண்ணீர் வெள்ளையாகக் கலங்கி அடியில் படியும். ஆனால் அது டப்புக்கு மட்டும்தான், மீன் இருக்கும் டாங்கில் அதை வைத்து விளையாட வேண்டாம். பாஸ்பேட்டுக்கு மட்டும் கலர் பார்த்துச் சொல்லும் கிட் எனக்குத் திருப்தியில்லை. 0.05க்கும் 0.1க்கும் நீலத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்க டியூப்லைட் வெளிச்சத்தில் கண் போதாது. ஹன்னா மாதிரி எண் காட்டும் மீட்டர் வைத்திருக்கும் நண்பர் கிடைத்தால் கடன் வாங்குங்கள்.

கல் தயாரான பிறகு எப்போது இறக்குவது? என்னைக் கேட்டால் கொங்கில் இதற்கு நல்ல காலம் ஆடி. சித்திரையில் டப் வைத்தால் ஆடியில் கல் தயார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கியிருக்கும், டாங்க் 26 டிகிரியில் ஃபேன் இல்லாமலே நிற்கும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. சித்திரை வைகாசியில் 30 டிகிரியில் திணறிக்கொண்டிருக்கும் டாங்கில் பாக்டீரியாவோடு கூடுதலாகச் சுவாசிக்கும் கல்லை ஏன் போடணும்? இன்னொன்று, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓட்டமில்லாமல் நிற்கப்போகும் நாளுக்கு முந்தின நாள் புதுக்கல் இறக்காதீர்கள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று எப்படியும் கையில் இருக்கட்டும்.

டப்பின் சாலினிட்டியும் (உப்பின் அளவு) சூடும் டாங்கோடு ஒத்திருக்கிறதா பாருங்கள், உப்புத்தண்ணீரின் அடர்த்தி 1.025 என்றால் இரண்டிலும் அதுவே. கல்லை டப் தண்ணீரிலேயே குலுக்கி அலசி, சுமார் 1 கிலோவுக்கு ஒரு துண்டை மட்டும் முதலில் வையுங்கள். மறுநாளும் மூன்றாம் நாளும் அமோனியா பாருங்கள். இரண்டு வாரம் கழித்து அடுத்த கிலோ. தண்ணீர் வழியுமோ என்று பயப்பட வேண்டாம். 3 கிலோ கல் தள்ளும் தண்ணீர் ஒரு லிட்டர்தான், இரண்டடி டாங்கில் அரை சென்டிமீட்டர் ஏறும். பார்க்கத்தான் பாதி டாங்கை அடைத்த மாதிரி இருக்கும்.

மணலைக் கிளறிக் கல்லை நடாதீர்கள். இரண்டு வருட மணலுக்கடியில் என்ன உறங்குகிறதோ, அதை எழுப்ப வேண்டாம். அழுகிய முட்டை வாசம் வரும் கறுப்பு மண்ணில் புதுக்கல் உட்கார்வதைவிட, இருக்கும் பழைய கல்லின் மேல் சாய்ந்து உட்காரட்டும். அடியில்தான் வைத்தாகணும் என்றால் அந்த இடத்து மணலைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, கண்ணாடியிலேயே உட்கார வையுங்கள். மணல் மேல் வைத்தால் உங்கள் கோபி ஒரு ராத்திரி அடியில் தோண்டும், கல் சரியும், கண்ணாடியோ கோபியோ ஏதாவது ஒன்று போகும். பின்கண்ணாடிக்கும் கல்லுக்கும் நாலு விரல் இடைவெளி விடுங்கள், காந்த ஸ்கிரேப்பர் போகணும். ஒட்ட வேண்டியதை எல்லாம் வெளியே வைத்து ஒட்டிக் காயவிட்டுக் கொண்டுவாருங்கள். சின்ன டாங்குக்குள்ளே எபாக்ஸிப் பசை பிசைந்தால், அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் இரண்டு நாள் நுரையாகக் கக்கும்.

பழைய கல்லைத் தொட்டு நகர்த்தும்போது கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம். ஜோவா, பாலிதோவா வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் இருக்கலாம். கையில் வெட்டுக்காயம் இருந்தாலோ, தண்ணீர் கண்ணில் தெறித்தாலோ ஆஸ்பத்திரிதான். யாராவது பழைய டாங்கைக் கலைத்துக் கொடுத்த கல்லை "கொதிக்க வைத்தால் சுத்தமாகிவிடும்" என்று சொன்னால் கேட்காதீர்கள். அந்த நீராவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் புதுக்கல் மேல் முதலில் பழுப்புப் பொடி படியும். அது டயாட்டம் என்ற நுண்பாசி. அப்புறம் பச்சை வரும். பக்கத்தில் பழைய கல் ஊதாவாக நிற்க, இது மட்டும் அழுக்குத் துணி மாதிரி இருப்பது கண்ணை உறுத்தும். பிடுங்கி எடுத்து மறுபடி தேய்க்கத் தோன்றும். தேய்க்காதீர்கள், தேய்த்து வெள்ளையாக்கினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒன்றிரண்டு டர்போ நத்தை போதும். பின்கண்ணாடியில் வளர்ந்த கோரலைன் பாசியைச் சுரண்டி, அந்தப் பொடி புதுக்கல் மேல் விழும்படி விடுங்கள். கால்சியம் 420 பிபிஎம், ஆல்கலினிட்டி (தண்ணீரிலுள்ள கார்பனேட் அளவு) 8 டிகேஹெச் பக்கத்தில் ஆடாமல் நின்றால், சில மாதத்தில் புள்ளி புள்ளியாக ஊதா தெரியும். முதல் சில வாரம் ஆல்கலினிட்டியை அடிக்கடி பாருங்கள். புதுப் பரப்பில் கார்பனேட் படிந்து கொஞ்சம் இறங்குவது உண்டு. லெதர் கோரல் இரண்டு மூன்று நாள் சுருங்கி நின்றால் பதற வேண்டாம். ஓட்டம் மாறியதால் இருக்கும், வேவ் மேக்கரின் மூக்கைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். கிளவுன் இரண்டும் புதுக்கல்லை முறைத்துவிட்டுப் பழைய மூலைக்கே போய்விடும், அது பிரச்சினையே இல்லை.

உங்கள் கேள்வியில் ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. டாங்கின் இப்போதைய நைட்ரேட், பாஸ்பேட் எண்களை நீங்கள் எழுதவில்லை. டப்பில் கல் ஊறும்போதே வாரம் ஒருமுறை டாங்கிலும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். புதுக்கல் இறக்கிய பிறகு பாஸ்பேட் 0.15 காட்டினால், அது கல்லிலிருந்து வந்ததா, முன்பே இருந்ததா என்று அந்த நோட்டு இல்லாமல் என்னாலும் சொல்ல முடியாது. இப்போதே 0.1க்கு மேல் நிற்கிறதென்றால் கல் டப்பிலேயே இன்னும் ஒரு மாதம் கிடக்கட்டும். அதற்கு அங்கே ஒரு அவசரமும் இல்லை.